யாருடைய காசில் படித்தோம்?

இலங்கையில் இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது என்று நாம் எல்லோரும் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறோம். கன்னங்கராவின் பெயருக்கு முன்னால் 'இலவசக் கல்வியின் தந்தை' என்று எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறோம். அந்தத் திகதியில் பொகவந்தலாவையைச் சுற்றியுள்ள மலைகளில் என்ன மாறியது என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடை சுருக்கமானது. தோட்டப் பாடசாலைகளில் ஏறக்குறைய எதுவும் மாறவில்லை.

நமது பாடசாலையின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான டீச்சர்மார் இருக்கிறார்கள். நான் எழுத விரும்பியது வேறொரு கணக்கு. மலையகத்துப் பிள்ளையின் படிப்புக்கு இதுவரை யார் யார் காசு கொடுத்தார்கள்? அந்தக் காசை வாங்கலாமா, கூடாதா என்று பெரியவர்கள் எப்படி யோசித்தார்கள்? நாட்டிலே இந்த வாதம் தனியார் மருத்துவக் கல்லூரி என்ற பேச்சு வரும்போதுதான் பெரிதாக வெடிக்கும். நம்மூரில் அது மிகப் பழையது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க முன்வந்த அமைப்புகளில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் முக்கியமானது. பெயர் இன்று காதில் உறுத்தும்; அன்று அவர்களே தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அதுதான். துரைமார் அதற்குப் பண உதவி செய்தார்கள். பிறகு 1907இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி தருவது தோட்டத்துரையின் பொறுப்பு என்றது. 1920இன் கல்விக் கட்டளைச் சட்டம் அந்தப் பொறுப்பை இறுக்கியது. வயது ஏன் பத்தோடு நின்றது என்று இந்த மலரின் வாசகியருக்கு விளக்கத் தேவையில்லை. பத்துக்கு மேல் பிள்ளை மலைக்குப் போகும்.

துரைமாரிடையே இரண்டு கட்சி இருந்தது. படித்தால் கொழுந்தெடுக்க ஆள் கிடைக்காது என்றது ஒன்று. கொஞ்சம் படித்தால் சொல்பேச்சுக் கேட்கும் நல்ல தொழிலாளி கிடைப்பான் என்றது மற்றது. பிள்ளை என்ன ஆக விரும்புகிறது என்பது இரண்டு கட்சிக்கும் கேள்வியாகவே இருக்கவில்லை. தோட்டக் கணக்கில் பள்ளிக்கூடமும் உரம், கூரைத்தகரம் போல ஒரு செலவு. அந்தச் செலவு தேயிலை விற்ற காசிலிருந்து வந்தது. 'துரை கட்டிய பள்ளிக்கூடம்' என்று யாராவது சொன்னால் என் பாட்டி விடமாட்டார். "எங்க பேருல கட்டுனது" என்பார். பெரட்டுக்களத்தில் போடுகிற பேரைத்தான் அவர் சொன்னார். பொருளாதாரம் படிக்காத ஒருவர் அந்த ஒரு வாக்கியத்தில் சொன்னதைவிடத் தெளிவாக நான் எங்கும் வாசித்ததில்லை.

1947இல் வந்த ஒரு சட்டத் திருத்தம் தோட்டப் பிள்ளைகளையும் பொதுக் கல்வி முறைக்குள் கொண்டுவர முயன்றது. அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. அடுத்த வருடமே 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதோடு பெரியவர்களின் வாதமும் மாறிப்போனது. பிரசைகள் அல்லாதவர்களின் பிள்ளைகளுக்காகப் பிரசைகளின் வரிப்பணத்தைச் செலவழிக்கலாமா என்று கேட்பது இப்போது சுலபமாகிவிட்டது. நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் ஈட்டித்தந்த முதன்மையான ஏற்றுமதி தேயிலை என்பதையும், அதிலிருந்து அரசு வரி எடுத்தது என்பதையும் அந்தக் கேள்வி கணக்கில் சேர்க்கவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கிவைக்கப்பட்டன. தோட்டங்கள் 1975இல் தேசியமயமாகி, 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் படிப்படியாக அரசு அவற்றை ஏற்கும்வரை, ஒரு வாத்தியார் ஐந்து வகுப்பையும் ஒரே கொட்டகையில் வைத்துப் படிப்பித்தார். 1945இலிருந்து எண்ணினால் முப்பது வருடத்துக்கு மேல். ஒரு தலைமுறைப் பெண்கள் அதற்குள் பேர் போட்டு, கல்யாணம் கட்டி, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்கள்.

காசைப் பற்றி நம் முன்னோருக்கு இருந்த இன்னொரு அச்சத்தையும் இங்கே சொல்லவேண்டும். அது துண்டு. இந்தியாவிலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி, வழிச்செலவு முதல் கம்பளி வரை எல்லாவற்றையும் முற்பணமாக எழுதிவைப்பார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களைப் பொறுப்பேற்கலாம் என்று ஒரு துண்டுக் காகிதம் எழுதப்படும். கடன் கைமாறும், அதோடு ஆட்களும் கைமாறுவார்கள். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பேச்சிலிருந்து அது அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலும், யாராவது பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்கப்போவதாகச் சொன்னால், வயதானவர்கள் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்றல்ல. "நாளைக்கு அந்தப் புள்ளய யாரு புடிச்சிக்கிறது?" என்பார்கள். தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் படிக்க அரசு வட்டியில்லாக் கடன் கொடுக்கிற இந்தக் காலத்திலும், வட்டியை அரசு கட்டினாலும் முதலைப் பிள்ளைதான் கட்டவேண்டும் என்று தெரிந்ததும் பின்வாங்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். விவரம் தெரியாத பயம் என்று அதைச் சிரித்துத் தள்ளுபவர்களுக்குத் துண்டைப் பற்றித் தெரியாது.

ஆகவே 1947இல் இந்திய அரசின் ஆதரவோடு இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உருவாகி, தொழிலாளர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கத் தொடங்கியது சின்ன விடயமல்ல. உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் காசில் போனவர்கள் நம் பழைய மாணவியரிலும் இருக்கிறார்கள். அது கடன் அல்ல, கொடை. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். நீ எந்த நாட்டவள் என்று இலங்கை கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று மனிதரைப் பங்கிட்டது. அப்படிப்பட்ட நாட்களில் இந்தியாவின் காசில் படிப்பது, நாம் இங்கத்தவர்கள் அல்ல என்று நாமே ஒத்துக்கொள்வதாகாதா? இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் முட்டாள்கள் அல்லர். எடுத்தவர்களும் சுயமரியாதை இல்லாதவர்கள் அல்லர். கொடுக்கவேண்டிய அரசு கொடுக்காதபோது கொடுத்தவரிடம் வாங்கினார்கள். அந்தக் காசு யாரையும் கப்பலேற்றவும் இல்லை, யாரையும் இங்கே கட்டிப்போடவும் இல்லை என்பதே அதற்கு நான் தரும் நற்சான்று.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். நான் பல்கலைக்கழகம் போனது மகாபொலவில். இந்த மலரை வாசிக்கும் பட்டதாரிகளில் பலரும் அப்படித்தான். மகாபொல என்றால் சிங்களத்தில் பெரிய சந்தை. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி ஊர் ஊராகப் பெரும் சந்தைக் கண்காட்சிகள் நடத்தி, அந்த வருமானத்தை உயர்கல்விப் புலமைப்பரிசிலுக்குத் திருப்பினார். 1981இன் 66ஆம் இலக்கச் சட்டம் அந்த நம்பிக்கை நிதியத்தை நிறுவியது. சந்தை வருமானம் போதாமல் லொத்தர் வந்து சேர்ந்தது. 1997இல் சட்டப்படி அமைந்த அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபம் சனாதிபதி நிதியத்துக்கும் மகாபொலவுக்கும் போகிறது. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த உதவித்தொகையை 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் 7,500 ஆக்கியது. கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்துக்கு எத்தனை தடவை நடந்தோம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். அதை இங்கே எழுதினால் மலர் தாங்காது.

அப்படியானால் நாம் படித்தது சூதாட்டக் காசிலா? எனக்கு மகாபொல கிடைத்தபோது எங்கள் லயத்தில் இதைப் பற்றி ஒரு சின்னச் சபையே நடந்தது. சேர்ச்சுக்குப் போகும் ஒரு மாமா, சீட்டுக் காசு பாவத்தின் காசு என்றார். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், பாவமும் புண்ணியமும் இருக்கட்டும், ஏழையிடம் ஆசைகாட்டி எடுக்கிற வரிதான் லொத்தர் என்றார். என் அம்மாவின் வாதம் வேறு. "ஒங்கப்பா மாசா மாசம் சீட்டு வாங்குறாரு. இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் விழுந்ததில்ல. இப்பத்தான் விழுந்திருக்கு." சபை அத்தோடு கலைந்தது.

மூவரில் அதிகம் சரியாகச் சொன்னவர் தொழிற்சங்கத்துக்காரர் என்று இன்று நினைக்கிறேன். ஆனாலும் அவரும் பாதி வழியில் நின்றுவிட்டார். லொத்தரை வைத்துப் பொதுக்காரியம் செய்வது நம் நாட்டில் புதிதல்ல. 1950களில் மருத்துவமனைகளுக்காகவே அரசு லொத்தர் நடத்தியது. 1963இல் தேசிய லொத்தர் சபை அமைந்தது. நான் வேலை செய்யும் வார்ட்டுகளின் பழைய கட்டிலில் எது எந்தச் சீட்டில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நியூயோர்க்கில் இன்று கொலம்பியாப் பல்கலைக்கழகமாக இருக்கும் கிங்ஸ் கல்லூரி 1754இல் தொடங்கியதும் லொத்தர்ப் பணத்தில்தான். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம் 1993இல் ஒரு லொத்தரைத் தொடங்கி அந்த வருமானத்தில் மாணவருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது. அங்கே ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வருமானத்தோடு ஒப்பிட்டால் சீட்டுக்கு அதிகம் செலவழித்தவை ஏழைக் குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும். உதவித்தொகையில் அதிகம் பெற்றவை வசதியான குடும்பங்கள்.

நம்மூரில் அப்படி ஓர் ஆய்வை நான் பார்த்ததில்லை. ஆனால் சம்பள நாளில் பொகவந்தலாவை பஸாரில் நின்று பார்த்தால் போதும். முன்பு 20 ரூபா, இப்போது 40 ரூபா. லொத்தர்ச் சீட்டு மேசையைச் சுற்றி நிற்பவர்கள் யார்? அவர்களின் தோட்டத்திலிருந்து அந்த வருடம் பல்கலைக்கழகம் போனவர்கள் எத்தனை பேர்? மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போவோர் விகிதம் நாட்டின் விகிதத்தைவிட எப்போதும் குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. ஆகவே கொழுந்தெடுக்கிறவரின் சீட்டுக் காசு பெரும்பாலும் வேறு ஊர்ப் பிள்ளைகளைத்தான் பட்டதாரியாக்கியது. என் அம்மா நினைத்ததுபோல் எங்கள் வீட்டுக்கு விழுந்தது உண்மை. விழாத வீடுகளின் காசும் அதில் இருந்தது. இதற்காக மகாபொலவை வேண்டாம் என்று சொல்ல நான் ஒருபோதும் தயாரில்லை. அது யாரையும் கட்டிப்போடாத காசு. வறுமையைப் பார்த்துக் கொடுத்த காசு. வரியிலிருந்து நேராக வரவேண்டியதைச் சீட்டு மேசை வழியாக வரவிட்டார்கள் என்பதுதான் என் குறை.

மருத்துவக் கல்வியைப் பற்றி நாடு போட்ட சண்டை நம் எல்லோருக்கும் தெரிந்தது. 1980களின் தொடக்கத்தில் ராகமையில் கட்டணம் வாங்கும் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மாணவர் போராட்டங்களுக்கும் அந்தக் காலத்தின் இரத்தக்களரிக்கும் நடுவே அது 1989இல் அரசுடைமையாகி, 1991இல் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமானது. இருபது வருடம் கழித்து மாலபேயில் சைட்டம் வந்தது. அதன் பட்டதாரிகளைப் பதிவுசெய்ய மருத்துவ சபை மறுத்தது. 2017 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவுசெய்யச் சொன்னது. அரச மருத்துவ பீட மாணவர்கள் அந்த வருடத்தில் மாதக்கணக்காக விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். முடிவில் 2018இல் அங்கிருந்த மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்த நாட்களில் வைத்தியர் விடுதியில் நாங்கள் பேசாத நாளில்லை. வெட்டுப்புள்ளியை எட்டாதவர் காசால் எட்டலாமா என்பது ஒரு வாதம். வெட்டுப்புள்ளிக்கு ஒரு தசமம் குறைந்ததற்காக ஒரு பிள்ளையின் ஆசையை ஏன் மூடவேண்டும் என்பது எதிர்வாதம். தரம் போதாது என்றவர்கள் உண்டு. வார்ட்டில் நோயாளி இல்லாமல் வைத்தியம் படிக்க முடியாது என்பது நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு ஒன்று மட்டும் ஒட்டவே இல்லை. இதே நாட்டில் வசதியுள்ளவர்கள் பல வருடங்களாகப் பிள்ளைகளை ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் பங்களாதேஷுக்கும் அனுப்பி வைத்தியர் ஆக்கிவருகிறார்கள். திரும்பிவந்து மருத்துவ சபையின் பரீட்சையில் தேறினால் பதிவும் கிடைக்கும். அங்கே கட்டினால் பரவாயில்லை, மாலபேயில் கட்டினால் இலவசக் கல்வி செத்துவிடும் என்றால், நாம் எதிர்த்தது காசையா, காசு கண்ணுக்கு முன்னால் கைமாறுவதையா? நான் இன்றும் கட்டண மருத்துவக் கல்லூரிக்கு ஆதரவில்லை. ஆனால் எதிர்ப்பவர்களின் நியாயங்களில் பாதி, தங்கள் பட்டத்தின் மதிப்பைக் காப்பது பற்றியது என்று சொல்லாமல் விட முடியாது.

மலையகத்தில் இன்னொரு விதமான கட்டணமும் உண்டு. நுவரெலியா, பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியதாகக் கணிக்கப்படும் மாவட்டங்களில் ஒன்று. இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது நமக்குத் தெரிந்த பங்கீடு. இங்கே வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக வெளி மாவட்டத்திலிருந்து பிள்ளையை இங்குள்ள பாடசாலையில் பதிந்து, டியூஷனை வேறு நகரத்தில் கொடுத்து, பரீட்சைக்கு மட்டும் கொண்டுவருவது பல வருடமாக நடக்கும் பேச்சு. செய்கிறவர்களும் கெட்டவர்கள் அல்லர். தங்கள் பிள்ளைக்காகச் செய்கிறார்கள். விதிக்குள் இருந்தால் என்ன பிழை என்பார்கள். அந்த மருத்துவ பீட இடம் யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசையில் இருக்கிறாள் என்பதுதான் பிழை.

இத்தனை வாதத்திலும் ஒருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு பெண்கள் பாடசாலையின் மலரில் நான் எழுத வந்ததே அவளைப் பற்றித்தான்.

ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளை உயர்தரம் வரை வந்தால், பெரும்பாலும் அந்த வீட்டில் வேறொரு பிள்ளை நின்றிருக்கும். மூத்தவள் நிற்பாள். சாதாரண தரத்துக்கு முன்னாலேயே கொழும்பில் ஒரு வீட்டுக்குப் போவாள், அல்லது தையல் தொழிற்சாலைக்குப் போவாள். 1980களுக்குப் பிறகு அம்மாவே குவைத்துக்கோ சவூதிக்கோ போவதும் வழக்கமானது. அப்போது மூத்தவள் வீட்டில் நின்று சின்னதுகளைப் பார்ப்பாள். 5 முதல் 14 வயது வரை பாடசாலை கட்டாயம் என்ற விதி 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது; 2016இல் அது 16 ஆனது. அதற்கு முன் நின்றவளைத் தேடி யாரும் வரவில்லை. அவள் அனுப்பிய காசு தங்கச்சியின் டியூஷனுக்கும் பஸ்ஸுக்கும் வெள்ளைச் சப்பாத்துக்கும் போனது. தம்பி இருந்தால் முதலில் தம்பிக்குப் போனது.

பெரியவர்கள் இதை எப்படி நியாயப்படுத்தினார்கள்? "ஒண்ணு மேல வந்தா எல்லாரையும் தூக்கிவிடும்" என்பார்கள். சில வீடுகளில் அது நடந்தது. பல வீடுகளில் மேலே வந்தது மேலேயே இருந்துகொண்டது. லொத்தரைப் பற்றிச் சபை கூட்டிய எங்கள் லயத்தில், எந்தப் பிள்ளை நிற்பது என்று தீர்மானிக்க எந்த நாளும் சபை கூடியதில்லை. அது அடுப்படியில், இரண்டு பேருக்கு நடுவே, மெதுவாக முடிவானது. நின்றவளிடம் கேட்டதில்லை. பாவத்தின் காசு என்று யாரும் அதைச் சொன்னதுமில்லை. பாசத்தில் வந்த காசுக்குக் கணக்குக் கேட்பது முறையல்ல என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கிளினிக்குக்கு வரும் தாய்மாரில் சிலர், என்னை ஊர்ப்பிள்ளை என்று அறிந்து, மருந்துத் துண்டு வாங்கிய பிறகும் எழும்பாமல் இருப்பார்கள். பெண்களுக்கு 50 வயதில் சேமலாப நிதி கைக்கு வரும். முப்பது வருடம் மலையேறி இறங்கிய காசு. அதை அப்படியே எடுத்துக் கடைசிப் பிள்ளையை வெளிநாட்டில் டொக்டருக்குப் படிக்க அனுப்பலாமா என்று கேட்பார்கள். அந்தத் தொகை ஒரு வருடத்துக்கும் போதாது என்பதை முதலில் சொல்வேன். அடுத்ததாக, அந்தக் காசு உங்களுடையது மட்டும்தானா என்று கேட்பேன். முதல் தடவை கேட்டபோது அந்த அம்மாவுக்கு நான் என்ன கேட்கிறேன் என்று உடனே விளங்கியது. "பெரியவ கொழும்புல இருக்கா" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அமெரிக்காவில் ஜோர்ஜ்டவுன் என்றொரு புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. 1838இல் அதை நடத்திய இயேசு சபையினர் தங்கள் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானாவின் தோட்டங்களுக்கு விற்றார்கள்; அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைத்தது. 2019இல் அங்கு படிக்கும் மாணவர்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, விற்கப்பட்டவர்களின் சந்ததியாருக்காக ஒவ்வொரு அரையாண்டும் ஆளுக்கு 27 டொலர் 20 சதம் கட்டலாம் என்று மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். அந்தக் கொடுமையையும் நம் வீட்டு அடுப்படியையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்வி மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் இந்த வாங்கில் உட்கார, யார் எழுந்து போனார்கள்?

நம் சங்கம் நூற்றாண்டை ஒட்டிப் புலமைப்பரிசில் நிதி ஒன்றை ஆரம்பிக்கப் போகிறது. பணம் சேர்ப்பது பற்றி இப்போதே பல கருத்துகள் வந்திருக்கின்றன. என் கருத்தையும் இங்கே பதிந்துவைக்கிறேன். அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பதை எதிர்க்கிற அக்காமாரின் மனச்சாட்சியை மதிக்கிறேன். விற்பதானால் கொழும்பிலும் ரொரன்ரோவிலும் லண்டனிலும் விற்போம். சம்பள நாளில் பஸாரில் மேசை போடவேண்டாம். சாராயக் கடை நடத்தும் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் ஆண்களின் ஈரலிலிருந்து எடுத்த காசு நம் பிள்ளைகளுக்கே திரும்பி வரட்டுமே என்பது பலமான வாதம்; ஈரல் வார்ட்டில் வேலை செய்தவள் என்ற முறையில் எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இப்படிக் கொடுப்பவர்கள் பெயர்ப்பலகை கேட்பார்கள். சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்து, சொந்த வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்த எலிஹு யேல் 1718இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் புத்தகங்களும் துணிப்பொதிகளும் அனுப்பினார். பொதிகள் ஐந்நூற்றுச் சொச்சம் பவுணுக்குத்தான் விலைபோயின. அவர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். முந்நூறு வருடமாக அந்தக் கல்லூரி அவர் பெயரைச் சுமக்கிறது. ஆகவே பெயரும் மேடையும் கேட்காமல் கொடுத்தால் வாங்குவோம், இல்லையானால் வேண்டாம் என்பது என் யோசனை. அந்த நிபந்தனையைக் கேட்டதும் பேச்சு முடிந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

வெளிநாட்டிலிருக்கும் தோழியர் சிலர், உதவி பெறும் பிள்ளை படித்து முடித்து மலையகத்திலேயே இத்தனை வருடம் வேலை செய்யவேண்டும் என்று எழுதி வாங்கச் சொல்கிறார்கள். 2022க்குப் பிறகு வைத்தியர்கள் கூட்டமாக நாட்டைவிட்டுப் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. நான் இங்கேயே இருக்கிறவள். போனவர்கள் விட்டுப்போன கடமை நேரத்தையும் சேர்த்துச் செய்கிறவள். ஆனாலும் எழுதி வாங்குவதற்கு உடன்படமாட்டேன். துண்டை ஒழித்து நூறு வருடம் ஆகிவிட்டது. போகிற பிள்ளை போகட்டும். போன இடத்திலிருந்து நம் நிதிக்கு அனுப்பட்டும். இதை வாசிக்கிற உங்களில் பலர் அப்படித்தானே செய்யப்போகிறீர்கள்.

விண்ணப்பப் படிவத்தின் மாதிரி ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பெற்றோரின் வருமானம், பரீட்சைப் பெறுபேறு என்ற வழக்கமான கேள்விகளோடு ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது: 'உங்கள் வீட்டில் படிப்பை இடையில் விட்டவர் யார்? வயது என்ன? இப்போது எங்கே இருக்கிறார்?' அந்த இடத்தில் ஒரு பெயர் எழுதப்பட்டால், புலமைப்பரிசிலில் நான்கில் ஒரு பங்கு அந்தப் பெயருக்குப் போகவேண்டும் என்பது என் பிரேரணை. திரும்பச் சாதாரண தரம் எழுதவோ, தையல் டிப்ளோமாவுக்கோ, கணினி வகுப்புக்கோ, அவள் விரும்பியதற்கு. அவள் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம் திறந்து நேரடியாகப் போடவேண்டும், வீட்டுக்கு அனுப்பக்கூடாது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இதற்கு வாக்கெடுப்பு உண்டு. வர முடியாதவர்கள் கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.